அடிபம்பில் இறக்கி வைத்த கரண்ட்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த புரட்டாசி மாசத்தில், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் மதுரைக்கும் நான் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் யாருக்கும் புரியாது என்று அவளாகவே திருத்தித் திருத்தி எழுதுகிறாள். எழுதட்டும். கதையே அவளைப் பற்றியதுதான். தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லும் இடம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள், அந்த ஒன்றுதான் தொல்லை.

என் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. வெற்றிலையையும் புகையிலையையும் நாற்பது வருஷமாக அதே இடத்தில்தான் ஒதுக்கி வைப்பேன். கன்னம்தான் என்ன செய்யும், அதுவும் எவ்வளவு நாளைக்குப் பொறுக்கும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் புண்ணை அறுத்து எடுத்தார்கள். தையல் ஆறினதும் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்று அதற்குப் பேராம். அங்கே பெஞ்சில் காத்திருக்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. "உங்களுக்கு எத்தன கரண்ட்டு?" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். எனக்கு முப்பத்து மூன்று. சனி, ஞாயிறு லீவு.

கரண்ட் என்றால் எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து நான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். லேபிள் ஒட்டினேன், திரி வைத்தேன், கடைசிப் பத்து வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இருமலுக்குக் குடிக்கிறது யாருக்கும் ஞாபகம் வராது. வெடிக்குள் போடுகிற மருந்துதான். அந்த மருந்து அறைக்குள் போகிறவர்கள் நைலான் சேலை கட்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, கம்மல், சங்கிலி எதுவும் ஆகாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே காலை வைக்கும் முன்னால் அதில் கையை வைக்க வேண்டும்.

"மனுச ஒடம்புலயே கரண்ட்டு இருக்குத்தா. தகட்டுல கைய வச்சா அது மண்ணுக்குள்ள எறங்கிரும். வைக்காமப் போனா நீயும் போவ, ரூம்பும் போகும்" என்று நான் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொன்னார். நாற்பது வருஷம் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பழகி, கோயிலுக்குப் போனால்கூட வாசல் நிலையில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். ஊரில் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். சும்மா இருக்கிற உடம்பிலேயே ஒரு அறையைத் தூக்குகிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது. அதற்கு மேல் மிஷினை வைத்து முப்பத்து மூன்று நாள் ஏற்றினால் என்ன ஆகும்?

போதாக்குறைக்கு அந்த மிஷின் ரூம் கதவில், மஞ்சளும் கறுப்புமாக மூன்று இறக்கை வைத்து ஒரு படம் போட்டிருந்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர லேபிள் தெரியும். அச்சு அசலாகத் தரைச்சக்கரம் சுற்றுகிற மாதிரி இருந்தது. உள்ளே போனால், "பாட்டி, கம்மல், மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார்கள். கம்பெனியில் சொல்கிற அதே சட்டம். என் முகத்தின் அளவுக்கு ஒரு சல்லடை முகமூடி செய்து வைத்திருந்தார்கள். அதை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பற்றவைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்களே, அப்படி. ஆனால் ஒன்றும் வலிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மிஷின் கொஞ்ச நேரம் முனகியது, அவ்வளவுதான்.

வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருப்புக்கோட்டை அம்மாவிடம் கேட்டேன். "இந்த வைக்கிற கரண்ட்டு பொறவு எங்கிட்டுப் போகும்?"

"எங்கிட்டுப் போகும்? உள்ளதான் கெடந்து வேல செய்யும். இல்லாட்டி புண்ணு எப்பிடி ஆறும்?" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

வீட்டில் அப்போது நானும் மருமகளும் மட்டும்தான். என் வீட்டுக்காரர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் லாரி ஓட்டுகிறான். சீசன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எளிதில் திரும்ப மாட்டான். பேத்தி விருதுநகரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். மருமகளுக்குக் கம்பெனியில் என்ன வேலை என்றால், அதுதான் விஷயமே, மருந்து அறையில் வேலை. குழாய்க்குள் மருந்து செலுத்துவாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

முதல் கரண்ட் வைத்த அன்றைக்குச் சாயங்காலமே என் காதுக்குக் கீழே வீங்கிவிட்டது. வேலை முடிந்து வந்த மருமகள் தொட்டுப் பார்த்தாள். பொன்னுக்கு வீங்கி மாதிரியே இருக்கிறது என்றாள். எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள், வீக்கம் வற்றும் என்று ஒரு நம்பிக்கை. என்னிடம் அப்போது சங்கிலி கிடையாது. அவளுக்கு ஒன்றே ஒன்று உண்டு, அவள் அம்மா போட்டுவிட்டது. கம்பெனிக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைகால் கழுவினதும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொள்வாள். அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

போட்ட வேகத்தில் நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். எறிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், மெதுவாக வைத்தேன் என்றெல்லாம் மாற்றாதே என்று இப்போது அவளிடம் சொல்கிறேன். என் உடம்பில் ஏறின கரண்ட் சங்கிலிக்குள் போய்விடுமே, அந்தச் சங்கிலியை இவள் கழுத்தில் போட்டுக்கொண்டால் என்ன ஆவாள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

"ஏன் அத்தை, நான் போட்டது பிடிக்கலையா?" என்றாள்.

"எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போத்தா. கிட்ட வராத" என்றேன்.

அவள் குனிந்து சங்கிலியை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

காரணத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பயப்படுவாள். பயந்த கையோடு மறுநாள் மருந்து அறைக்குள் போவாள். அங்கே கை நடுங்கக் கூடாது. நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் என்னைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் தேய்க்க வந்தால் வேண்டாம் என்பேன். கஞ்சி கொண்டு வந்தால் தரையில் வைக்கச் சொல்லி, அவள் நகர்ந்த பிறகு எடுப்பேன். பாயைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் போட்டுக்கொண்டேன். அவள் வேனிலிருந்து இறங்குகிற நேரத்துக்கு முன்னால் தெருமுனை அடிபம்புக்குப் போய், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வேன். இரும்புக் குழாய் பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, ஒரு செம்புத் தகட்டைவிட நன்றாகத்தானே இறங்கும்.

எதிர்வீட்டு மதினி நாலு நாள் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார். "என்ன மதினி, தெனமும் அடிபம்பக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கீக? அண்ணன் ஞாபகம் வந்துருச்சாக்கும்?"

"ஆமா, அவரும் இம்புட்டு ஒல்லிதான" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பத்துக் கரண்ட் தாண்டினதும் இன்னொரு கஷ்டம் வந்தது. வாய் காய்ந்து போனது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வெடிப் பெட்டி மடித்துக் கொடுப்பேன். அட்டையைப் பிரிக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டால் விரலில் ஈரமே ஒட்டவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சோறு வாய்க்குள் போனால் காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. மருமகள் காலையில் வேனுக்குப் போகும் முன்னால் குழைய வடித்துப் பால் ஊற்றி வைப்பாள். சாயங்காலம் வந்து பார்ப்பாள், அப்படியே இருக்கும். கூழ் காய்ச்சினாள், இட்லியைப் பாலில் ஊறவைத்தாள், ஒருநாள் ஆட்டுக்கால் சூப்புகூட வைத்தாள். நான் ரெண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவேன்.

எடை இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் அடுத்த தடவை வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் வேறு முடிவு எடுத்துவிட்டேன். பதினாறு ஆகியிருந்தது. பதினாறுக்கே அடிபம்பு தாங்குமா தெரியவில்லை, முப்பத்து மூன்றுக்கு எங்கே போவது? சோறும் இறங்கவில்லை. இவ்வளவு கரண்ட்டை உடம்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்து இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆவதைவிட, நானே நிறுத்திக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

"நாளையிலருந்து நான் போகல" என்றேன்.

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாளைக்கு ஒரு நா வாங்க அத்தை. நானும் வாரேன். அதுக்குப் பெறகு உங்க இஷ்டம்" என்றாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் கம்பெனியில் என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும். அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். பஸ்ஸில் ரெண்டு பேர் சீட்டில் நான் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார வந்தபோது பையை எடுத்து நடுவில் வைத்தேன். அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மிஷின் ரூமில் ஒரு நர்ஸம்மா உண்டு. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கும். என்னை எடை மிஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்டது. "ஏன்க்கா, பாட்டி சாப்பிடவே இல்லையா? வீட்டுல என்ன குடுக்கீங்க?"

அவ்வளவு நாள் வாயைத் திறக்காத மருமகள் அங்கே திறந்துவிட்டாள். "அவுகளுக்கு என் கை ஆகல சிஸ்டர். நான் என்ன ஆக்கிப் போட்டாலும் தள்ளிருதாக. தொட்டா ஒதுங்குறாக. வீங்குன அன்னைக்கி என் சங்கிலியப் போட்டுவிட்டேன், பிடுங்கி எறிஞ்சாக. இந்தா, பஸ்ஸுல பக்கத்துல உக்கார விடல. பத்தொம்பது வருசமா ஒண்ணா இருக்கோம், நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியல. மூணு வாரமா இதையே நெனச்சுக்கிட்டு மருந்து செலுத்துறேன். நேத்து கை தவறி மருந்து சிந்திருச்சு. இவுக கரண்ட்டு முடியட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருதேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. கை தவறிவிட்டது என்கிறாளே. "யாருத்தா சொன்னா உன் கை ஆகலைன்னு?" என்றேன். வறண்ட வாயில் சத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. "நீ மருந்து ரூம்புல வேல பாக்குற புள்ள. என் ஒடம்பெல்லாம் கரண்ட்டு. உன்னயத் தொட்டுட்டு நீ அங்கன போனா என்ன ஆகும்? தெனம் அடிபம்புல எறக்கித்தான் பாக்கேன், எம்புட்டு எறங்குச்சோ தெரியலையே."

ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மருமகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது கேட்டால் ரெண்டும்தான் என்கிறாள்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தது. "பாட்டி, கம்பெனியில வெடியக் காயப்போடுவீங்கள்ல?"

"ஆமா, மேடையில வெயிலுக்குப் போடுவோம்."

"காஞ்சதும் எடுத்து ரூம்புக்குள்ள வைப்பீங்க. அப்ப வெயிலும் அதோட ஒட்டிக்கிட்டு உள்ள வருதா?"

"அது எப்பிடி வரும்?"

"ஆனா ஈரம் போயிருச்சுல்ல?"

"போயிருச்சு."

"அம்புட்டுத்தான். நாங்க வைக்கிறதும் ஒரு மாதிரி வெயிலுதான். மிஷின நிப்பாட்டுன நிமிசமே அது போயிரும். உங்க ஒடம்புல ஒரு பொட்டுகூடத் தங்காது. நீங்க யாரையும் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம். ஆனா அது பட்ட எடத்துல ஈரம் போயிருது."

பிறகு என் காதுக்குக் கீழே வீங்கியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது. அங்கே எச்சில் ஊறுகிற ஒரு பை இருக்கிறதாம். அந்த எச்சிலில்தான் என்சைம் என்று ஒன்று இருக்கிறதாம்.

"எஞ்சாமியா?" என்றேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

"எஞ்சாமின்னே வச்சுக்கோங்க" என்றது நர்ஸம்மா. "நீங்க சோத்த மெல்லும்போது அந்த எஞ்சாமிதான் அதச் சக்கரையா மாத்துது. வெறுஞ்சோத்த ரொம்ப நேரம் மென்னா லேசா இனிக்கும், பாத்திருக்கீங்களா? கதிர் பட்டதும் அந்தப் பை அடிபட்டுப் போச்சு. மொத நாள் வீங்குச்சுல்ல, மறுநாள் டாக்டர் ரத்தம் எடுத்தாங்க. அதுல பாத்தா இந்த என்சைம் ஏகத்துக்குக் கூடிக் கெடக்கு. எச்சில்ல வர வேண்டியது ஒடஞ்சு ரத்தத்துல கலந்துருச்சு. பொன்னுக்கு வீங்கி வந்தாலும் இதேதான் நடக்கும். இப்ப எச்சிலும் கொறஞ்சு போச்சு, அதுல இருக்குற என்சைமும் கொறஞ்சு போச்சு. நாக்குல ருசி தெரியுற எடமும் கொஞ்சம் அடிபட்டிருக்கு. அதான் சோறு காகிதமா இருக்கு."

மருமகள் தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த குழைந்த சோற்றை நர்ஸம்மா எடுத்து எங்கள் ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு வாய் கொடுத்து, மென்று பார்க்கச் சொன்னது. மென்றுகொண்டே இருந்தோம், ரெண்டு மாடு அசைபோடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து மருமகள், "ஆமா சிஸ்டர், இனிக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குள் மாவு உருண்டையாகத்தான் கிடந்தது.

"ஒரே சோறுதான்க்கா" என்று நர்ஸம்மா மருமகளிடம் சொன்னது. "உங்க கையில குத்தமில்ல. அவங்க வாயில எஞ்சாமி வேலைக்கு வரல."

"அப்ப எனக்குச் சோறு செரிக்காதா?" என்று கேட்டேன்.

"செரிக்கும் பாட்டி. வயித்துக்குள்ள இன்னொரு சுரப்பி இருக்கு, அதுலயும் இதே மாதிரி என்சைம் வருது. நீங்க முழுங்கி உள்ள அனுப்பிட்டாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கிடும். தண்ணியா, வழவழன்னு சாப்பிடுங்க. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி. உப்பும் சோடா உப்பும் போட்ட தண்ணியில அடிக்கடி வாயக் கொப்பளிங்க. வெத்தல பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாது."

"எஞ்சாமி திரும்ப வருமா?"

"மாசக்கணக்குல ஆகும். கொஞ்சமாவது வரும். முழுசா வருமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பாதியில நிறுத்துனா புண்ணு திரும்ப வரத்தான் பாக்கும்."

பொய் சொல்லித் தேற்றாமல் இருந்தது பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. "சரி, வைய்யி உன் வெயில" என்று நானே போய் மேசையில் படுத்துக்கொண்டேன். பதினேழாவது கரண்ட். அன்றைக்குத்தான் முகமூடிக்குள் பயமில்லாமல் இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். விருதுநகர் தாண்டினதும், "பம்பக் கட்டிப்பிடிச்சீக, என்னயப் பிடிக்கல" என்றாள்.

"பம்பு போனா இன்னொரு பம்பு போடுவாகத்தா" என்றேன்.

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். காலையில் இருட்டோடு எழுந்து சமைத்தவள், அப்படியே தூங்கிவிட்டாள். கரண்ட் வைத்துக் கழுத்துத் தோல் வெந்து கிடந்த பக்கம் அது. அவள் தலைமுடி உரச உரச எரிந்தது. ஊர் வரும் வரைக்கும் நான் நகரவில்லை. இந்த இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட்டாள், இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாதே அத்தை என்கிறாள். தெரிந்திருந்தால் தூங்கியிருப்பாயா என்று கேட்டு, திரும்ப எழுதச் சொன்னேன்.

முப்பத்து மூன்றையும் முடித்தேன். எஞ்சாமி பாதி வந்திருக்கிறது. பாதி வரவில்லை. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறேன். புண் திரும்ப வரவில்லை. மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குத்தான் போனாள், நாலு நாளில் வந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்துப் பயம் வந்தாலும், அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான பயமாக இருந்தாலும், அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று வாரமும்தான், தனக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வேன் ஏறிப் போயிருக்கிறாள்.